புளிக் கிடங்காக இருந்த கார்

மாரண்டஹள்ளியை விட்டு நடக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பாலக்கோடு போகும் பஸ் இரண்டு முறை என்னைக் கடந்து போனது. கை காட்டவில்லை. கோபமாக இருக்கும்போது நடப்பதுதான் எனக்கு ஒத்துவரும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, தகரம் தட்டும் சுத்தியல் இரண்டு, வெல்டிங் கண்ணாடி. அவ்வளவுதான் என் சொத்து.

அன்று காலை வரை அங்கே ஒரு டிங்கரிங் பட்டறையில் இருந்தேன். ஒரு ஜீப்பின் கதவில் கை நுழையும் அளவுக்குத் துரு ஓட்டை. பட்டறைக்காரர் அதில் செய்தித்தாளைத் திணித்து, மேலே பட்டி பூசி, பெயிண்ட் அடிக்கச் சொன்னார். வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைக்கலாம் என்றேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எனக்குப் பாடம் எடுக்காதே என்றார். சுத்தியல்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் விட்டுவிட்டு வந்த எத்தனையாவது பட்டறை அது என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் நல்ல காரணத்துக்காக விட்டேன் என்றும் சொல்ல முடியாது. சிலவற்றை உட்கார முடியாமல் விட்டேன். ஒன்றை, பக்கத்து டீக்கடையில் யாரோ கொல்லிமலையைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, அங்கே போவதற்காக விட்டேன். பாதி வேலையில் எழுந்து போவது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது.

பாலக்கோட்டில் பஸ் ஏறி, மறுநாள் மதியம் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்த ஒரே வீடு அதுதான். என் ஆதார் அட்டையில் உள்ள விலாசமும் அதுதான். வாசலில் பழைய இரும்புக் கடைக்காரரின் குட்டி யானை வண்டி நின்றிருந்தது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தகரச் சாய்ப்புக்குள் இரண்டு ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் அப்பா வாங்கிய அம்பாசிடரை எடைக்குப் போடுகிறார்கள்.

நான் போய் எட்டிப் பார்த்தேன். மேலே கூரையும் பானட்டும் கெட்டியாகவே இருந்தன. முன்கதவைத் திறந்தால் தரையே இல்லை. சீட்டுக்குக் கீழே மண் தெரிந்தது. பக்கச் சட்டங்கள் அப்பளம் போலக் கையில் நொறுங்கின. மழையில் நின்ற கார் மேலிருந்து துருப்பிடிக்கும். இது கீழிருந்து மட்டும் கெட்டிருந்தது. குனிந்து மோந்து பார்த்ததும் புரிந்தது. புளி வாசம்.

எங்கள் பக்கம் புளி அதிகம். அடித்து, கொட்டை எடுத்து, வண்டு விழாமல் இருக்க உப்பைக் கலந்து மூட்டை கட்டி, விலை ஏறும்வரை வைத்திருப்பார்கள். எலிதான் பெரிய தொல்லை. கார் ஓடாமல் நின்றதும் மாமா ஒரு யோசனை செய்திருக்கிறார். கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்தினால் எலி நுழையாது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு வருஷா வருஷம் புளி மூட்டைகளைக் காருக்குள் அடுக்கியிருக்கிறார். அந்த ஊரில் எலி கடிக்காத புளி தன் வீட்டில் மட்டும்தான் என்று அவருக்குப் பெருமை. மூட்டையில் இருந்து கசிந்த உப்பும் புளியும் சேர்ந்து தரையைத் தின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். இதை நான் ஓட வைக்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது. ஜீப் கதவின் கோபம் மிச்சம் இருந்திருக்கலாம்.

மாமா என்னைப் பையோடு சேர்த்து மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த வேலையடா முடிச்சிருக்க? எங்க கல்யாணத்துலயே பந்தி பாதியில எந்திரிச்சுப் போனவன் நீ."

அது உண்மை. கடைக்காரரின் ஆட்கள் சிரித்தார்கள்.

"இத முடிக்கிறேன் மாமா."

"சரி. முடிக்காம பாதியில போட்டுட்டுப் போனீனா, அப்புறம் இந்த வூட்டு வாசப்படி ஏறக் கூடாது. உங்கக்கா அழுதாலும் சரி."

அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். எனக்காக வேண்டிக்கொள்வதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். குட்டி யானை காலியாகத் திரும்பிப் போனது.

மறுநாளே சாய்ப்பில் வேலை தொடங்கியது. வீட்டுக் கரண்டில் ஓடும் சின்ன வெல்டிங் மெஷினை அரூரில் வாடகைக்கு எடுத்து வந்தோம். நான் வெல்டிங் வைத்தால் வீட்டில் டிவி அணைந்து எரியும். அக்கா தன் சீரியலுக்கு முன்னால் வந்து, அரை மணி நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று சொல்லிவிட்டுப் போவாள். காரைக் கல் அடுக்கி உயர்த்தி, கெட்ட தரை முழுவதையும் வெட்டி எடுத்தேன். அம்பாசிடரின் தரையில் நீள நீளமாக வரிகள் எழும்பி இருக்கும். அந்த வரிகள்தான் தகரத்துக்குப் பலம். ஒரு புளியங்கட்டையில் பள்ளம் செதுக்கி, அதன்மேல் புதுத் தகரத்தை வைத்துத் தட்டித் தட்டி அந்த வரிகளை எழுப்பினேன். ஒரு வரிக்கு ஒரு நாள் ஆனது. தோள்பட்டை வீங்கியது. வெல்டிங் பொறி விழுந்து லுங்கி சல்லடையானது. கண் எரிச்சலில் இரண்டு நாள் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். இதெல்லாம் இந்த வேலையில் உள்ளதுதான்.

இன்ஜினைப் பாப்பிரெட்டிப்பட்டி மெக்கானிக் ஒருவர் வந்து பிரித்துப் பூட்டினார். அது என் வேலை இல்லை. தகரம் மட்டும் என் வேலை.

கதவுகளின் உட்பக்கம் கிரைண்டர் நுழையாது. அங்கே துருவை எடுக்க எனக்கும் ஒரு யோசனை வந்தது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, இரும்புக்கும் அது கேட்குமே என்று நினைத்தேன். அக்காவிடம் ஒரு சட்டி புளி வாங்கி, கெட்டியாகக் கரைத்து, கதவுகளின் உள்ளே அப்பி ஒரு நாள் விட்டேன். மறுநாள் கழுவினால் இரும்பு வெள்ளி போலப் பளபளத்தது. மாமா விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வெயிலில் காய வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, வெள்ளை பெயிண்டும் அடித்து முடித்தேன். எனக்கும் அன்று தலை கால் புரியவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் காலையில் கதவுகளின் அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே செம்மண் நிறத்தில் தண்ணீர். நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

புதுப் புளி கேட்டிருக்க வேண்டும். அக்கா கொடுத்தது மூட்டையில் இருந்த உப்புப் புளி. மோந்து பார்த்த உடனே இந்தக் காருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடித்தவன் நான். அதே மருந்தை நானே திரும்பக் கதவுக்குள் அப்பியிருக்கிறேன்.

நின்றுபோன வண்டியை மறுபடி ரோட்டில் ஓட்டச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்காகப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்ட வேண்டிய நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மாமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மழை பெய்ததால் அவர் இன்னும் சாய்ப்புப் பக்கம் வரவில்லை. என் முன்னால் இரண்டு வழி இருந்தது. கொப்புளங்களைச் சுரண்டிவிட்டுப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் இரண்டு வருஷம் தாங்கும். அதற்குள் நான் எங்கேயோ இருப்பேன். இல்லையென்றால் அப்போதே பையை எடுத்துக்கொண்டு அரூர் பஸ் ஏறலாம். பை எங்கே இருக்கிறது என்று என் கண் ஒரு தடவை தேடியது. பொய் சொல்ல விரும்பவில்லை.

பிறகு மழையிலேயே போய், மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த மாமாவிடம் சொன்னேன்.

"கதவு நாலும் கெட்டுப்போச்சு மாமா. நான் பண்ண தப்பு. திரும்ப வெட்டணும்."

அவர் வந்து பார்த்தார். நான் செய்தது போலவே கீறி, நாக்கில் வைத்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"நம்ம வூட்டுப் புளி அப்படித்தான்டா இருக்கும். மூணு வருசமானாலும் வண்டு விழாது," என்றார். பிறகு, "பத்து நாள்ல ஆவுமா?" என்று கேட்டார்.

ஆகும் என்றேன். ஆகுமா என்று எனக்குத் தெரியாது.

கதவுகளின் அடிப்பக்கத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்தேன். மிச்ச இடங்களைச் சுரண்டி, வெந்நீரில் சோடா கரைத்து ஊற்றி ஊற்றிக் கழுவினோம். அக்கா அண்டா அண்டாவாகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். உப்பு போய்விட்டதா என்று பார்க்க எங்களிடம் நாக்கைத் தவிர வேறு கருவி இல்லை. ஒவ்வொரு முறையும் கழுவி, காய்ந்த பிறகு, நான் ஒரு கதவிலும் மாமா ஒரு கதவிலும் விரலை வைத்து நக்கிப் பார்ப்போம். பால் ஊற்றப் போன ஒரு பெரியம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஏன் கண்ணு, ரெண்டு பேருக்கும் வூட்டுல சோறு ஆக்கிப் போடறதில்லையா? காரை நக்கிக்கிட்டு நிக்கறாங்க."

அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷமாயிற்று.

ஒன்பதாவது தடவை கழுவிய பிறகு இரும்பில் இரும்பின் ருசி மட்டும் இருந்தது. அதன் மேல்தான் பெயிண்ட் அடித்தேன்.

இன்ஸ்பெக்டரிடம் போன அன்று மாமா வேட்டி சட்டையில் ஓட்டினார். திரும்பப் பூட்டிய பின்சீட்டில் அக்கா, நான் முன்னால். எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய வேன் நின்றது. இன்ஸ்பெக்டர் விளக்கு, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு, கால்மிதியைத் தூக்கிப் போட்டுத் தரையில் ஓங்கி மிதித்தார். அது அசையவில்லை. கீழே படுத்து ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். எங்கும் டிங் என்றுதான் சத்தம் வந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே இந்தத் தரையை எந்தப் பட்டறையில் போட்டீர்கள் என்று கேட்டார்.

"பட்டறையில இல்லைங்க. எங்க வூட்டுலயே போட்டது. இவன் எம் மச்சான்," என்றார் மாமா. என் தோளில் கையை வைத்தார். வீங்கிய தோள். வலித்தது, நகரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சையிலும் தேறியவன் இல்லை. அன்று வண்டியின் சான்றிதழில் கையெழுத்து விழுந்தபோது, அது என் பெயரில் இல்லாவிட்டாலும் என்னுடையது என்றுதான் பட்டது. திரும்பும்போது மாமா வேண்டுமென்றே மஞ்சவாடி கணவாய் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். ஏற்றத்தில் தரை ஒரு சத்தமும் போடவில்லை. நான் காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மாமா சாவியை அக்காவிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "போறதுன்னா போ. பொங்கலுக்கு வந்துரு," என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைப் பிடிக்கப் போனார். நான் போவேன் என்று அவருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவள் பையில் துவைத்த சட்டைகளை மடித்து வைத்தாள்.

எங்களுக்குப் பின்னால் வேனில் நின்றவர் கம்பைநல்லூர்க்காரர். அவர் வண்டி அன்று தேறவில்லை. ஸ்க்ரூ டிரைவர் தரையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. எங்கள் காரின் அடியில் அவரும் குனிந்து பார்த்துவிட்டு, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருந்தார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நான் அவருடைய களத்தில், வேப்பமரத்தடியில் நின்ற அந்த வேனுக்குக் கீழே படுத்திருந்தேன். முழுத் தரையும் மாற்ற வேண்டும், இருபது நாள் ஆகும், சாப்பாடும் படுக்க இடமும் வேண்டும் என்றேன். அவர் சரி என்றார். முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.