கரையில் கட்டாத அறை

வக்கீலம்மா பழைய போர்வையை நான்காக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி சிக்கிய இடத்தில் பல்லால் இழுத்தாள். தினமும் படகு இன்ஜினைச் சுமந்து தோல் உரிந்த புருஷனின் தோளுக்குத் திண்டு அது. அவள் மாமியாரின் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடப் போகும் நான், அந்தத் தோளுக்கும் மருந்து தடவுவேன்.

அவள் மீன் விற்பவள். வக்கீல் என்பது வாய்க்காக வைத்த பெயர்.

கடல் அரித்ததால் குடியிருப்பை ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். வீடுகளை வரைந்த இன்ஜினியரம்மா கரையிலும் ஒரு பொது அறை வரைந்திருந்தார். இன்ஜினும் வலையும் பத்திரமாக வைக்க. பெண்கள் கூட்டத்தில் எழுந்து மறுத்தவள் இவள்தான்.

"அறை கட்டிக் குடுத்தா சீட்டுக் கச்சேரிதாம்மா நடக்கும். அப்புறம் இந்த ஆம்பளைங்க வீட்டுக்கே வரமாட்டாங்க. அந்த சிமெண்ட்ல எங்க அடுப்படியப் பெருசாக்குங்க."

எல்லாரும் சிரித்துக் கைதட்டினோம். நானும்தான். அறை வேண்டாமென்று தீர்மானமாகி, அடுப்படி இரண்டடி அகலம் கூடியது.

பழைய வீட்டில் அவள் புருஷன் வாசலில் நின்றே கடலைப் பார்ப்பார். சரியில்லையென்றால் திரும்பப் படுத்துவிடுவார். புது வீட்டிலிருந்து இன்ஜினைச் சுமந்து போனபிறகுதான் கடலே தெரியும். கரையில் விட்டால் களவு போய்விடும்.

ஒரு நாள் அலை மோசம்.

"திரும்பிடலாம்ணே" என்றிருக்கிறான் கூடப்போன தம்பி.

"இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தாச்சுடா. திரும்பச் சுமக்க உன் மச்சானா வருவான்? நீ நில்லு, நான் ஒரு இழுப்பு வலை போட்டுட்டு வந்துடறேன்."

மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியது. நான்தான் துடைத்துவிட்டேன். பழக்கதோஷம், முதலில் தோளைத்தான் பார்த்தேன்.

அடக்கத்துக்கு இன்ஜினியரம்மா வந்தார். "நான் பிடிவாதமா நின்னிருக்கணும்" என்றார்.

"நீங்க சரியாத்தான் போட்டீங்க. கெடுத்தது நான். இப்ப அந்த அறையக் கட்ட முடியுமா?" என்றாள் வக்கீலம்மா.

"முடியும். வேண்டாம்னு தீர்மானம் போட்டிருக்கீங்களே, நாப்பது வீடும் மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடணும்."

மறுநாள் காலை மாமியாருக்குப் பால் புகட்டிவிட்டுக் காகிதத்தோடு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

"அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்கா. ஒரு கையெழுத்துப் போடுங்க."

வீட்டுக்கு வீடு இதே வார்த்தைதான். பதினாறாவது வாசற்படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பதினேழாவது கதவைத் தட்டினாள்.