அப்பமாவுக்கு வைத்த கள்

அரிப்பு என்ற எங்கள் ஊரில் அக்கா நடத்தும் சின்ன அப்பக்கடையில் தட்டு வைக்கிறவள் நான்தான். ஆட்களோடு கதைப்பது அக்கா. ஐம்பது வயதாகியும் புதுமுகம் கண்டால் எனக்கு நாக்கு எழும்பாது. மா புளிக்கவென்று அரைப்போத்தல் பனங்கள் எப்போதும் அடுப்படி மூலையில் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, வெளியூர்ப் பொடியன் ஒருவன் சாப்பிட வந்தான்.

"அக்கா, உடம்பெல்லாம் சூடாய்க் கிடக்கு. கள்ளு குளிர்ச்சியாம், கொஞ்சம் தாங்கோ."

"இது கள்ளுக்கடை இல்லைத் தம்பி. அப்பத்தைச் சாப்பிடும்."

செவ்வாயும் கேட்டான். புதன்கிழமை முகம் வாடிப்போய் வந்தான். அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

"காசு வேண்டாம். குடிச்சிட்டுப் போய்ப் படும்."

அவன் தட்டுக்குக் கீழே ஒரு நோட்டை வைத்துவிட்டு எழும்பினான். அப்பக்காசு என்று அக்கா அதை எடுத்துக் காசு போடும் தகரப் பேணிக்குள் போட்டார். உடனே வாசலில் பொலிஸ். பொடியனும் பொலிஸ்தான், சிவில் உடுப்பில் வந்தவன். நோட்டின் இலக்கத்தை முதலே எழுதி வைத்திருந்தார்கள்.

அனுமதி இல்லாமல் கள் விற்றதாக வழக்கு. குற்றவாளி என்றால் கடை அனுமதியும் போய்விடும் என்றார் சட்டத்தரணி.

பொலிஸின் குறிப்புப் புத்தகத்தில் புதன்கிழமை மட்டுமே இருந்தது. மற்ற இரண்டு நாளுக்கும் சாட்சி நான் ஒருத்திதான். வழக்கு நாளில் நீதிமன்றக் கூண்டில் ஏறிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

"மூண்டு நாளும் வந்தவர் ஐயா. திங்கள் மூண்டு அப்பம், செவ்வாய் நாலு, புதன் அஞ்சு. முதல் ரண்டு நாளும் கள்ளு இல்லையெண்டுதான் அக்கா சொன்னவ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. பொடியனை மறுபடி கூண்டில் ஏறச் சொன்னார்.

"மூன்று நாளும் போனது உண்மையோ?"

"ஓம் ஐயா."

"புதன்கிழமை அப்பத்துக்கு வேறாய்க் காசு குடுத்தீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப அந்த நோட்டு எதுக்கு?"

"கள்ளுக்குக் காசு வேண்டாமெண்டவ ஐயா," என்றான் அவன். நீதவான் அவனுடைய மேலதிகாரியைப் பார்த்தார்.

"ஆளை வேஷத்திலை அனுப்பலாம். ஆனால் எத்தனை தரம் கேட்டார், என்ன மறுமொழி கிடைச்சது எல்லாம் எழுதியிருக்க வேணும். நீங்கள் மறைவாய்ச் செய்யிற வேலையை நான் இந்தப் புத்தகத்தை வைச்சுத்தான் பார்க்கிறன். அதிலையும் மறைச்சால் நான் எதைப் பார்க்கிறது?"

அக்காவை விடுதலை செய்தார்.

வெளியே வேப்பமர நிழலில் பொடியன் தனியே நின்றான். அக்கா நேரே அவனிடம் போனார்.

"என்ன தம்பி, சூடு குறைஞ்சுதோ?"

"குறைஞ்சிட்டுது அக்கா."

"கோட்டிலை உண்மை சொன்னீர். அதுக்கு நல்லாயிருப்பீர். கடைப்பக்கம் வந்தால் அப்பம் மட்டும்தான், சொல்லிப்போட்டன்."

பஸ்ஸில் அக்கா இரண்டு டிக்கெட் எடுத்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"எடியே, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை அஞ்சு அப்பம் எண்டு சொல்லிப்போட்டியே. புதன்கிழமை அவன் சாப்பிட்டது ஆறு. கடைசி ஒண்டை நீ காணேல்லை, நான் சும்மா வைச்சனான்."