சம்பந்தி தள்ளிய கார்

நண்பர்களே, இன்றைக்கு என் பழைய காரை வருங்காலச் சம்பந்தி தள்ளினார்.

போன வாரம்தான் புது பேட்டரி, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பேட்டரியை வண்டியின் இரும்பு உடம்போடு இணைக்கக் கட்டைவிரல் தடிமனில் எர்த் கம்பி என்று எல்லாவற்றையும் மாற்றினேன். "இனித் தொட்டாலே ஓடும்" என்று அவருக்குக் கடிதம் வேறு. பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் என் பேச்சுக்கு மதிப்பு வேண்டாமா?

திருக்கோஷ்டியூர் போகலாமென்று அவரை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார் மனுஷன். வயரிங் பார்க்கும் அந்தோணியின் பட்டறை வரை இருவரும் தள்ளினோம்.

அந்தோணி எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றினான். "அண்ணே, நான் பெயிண்ட்டச் சுரண்டி வச்ச எடத்துல சந்தனத்த அப்புனது யாரு?"

நான்தான். நேற்றுப் பூசை போட்டபோது அந்த இடம் மட்டும் பொட்டில்லாமல் இருக்கக் கூடாதென்று, போல்ட்டைக் கழற்றிச் சந்தனம் வைத்து மறுபடி முடுக்கினேன்.

"சந்தனத்துல கரண்டு எப்பிடிண்ணே போகும்?"

சம்பந்தி மூச்சு வாங்கியபடி சொன்னார்: "கல்யாண வேலைய எங்ககிட்ட விட்டுருங்க. நீங்க பாத்தீகன்னா எங்க பயலையும் தள்ளிக்கிட்டுத்தான் வரணும்."

ஆக, கல்யாணம் உறுதி. முதுகுதான் நிமிர மறுக்கிறது. தைலம் வைத்திருப்பவர்கள் கொடுத்தனுப்புங்கள். சிரிப்பை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.