மெட்டிக்கும் இடம் விட்ட பூட்ஸ்

சேலை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து மலையேறப் போகிறவளுக்கு எந்த மாதிரி பூட்ஸ் வேண்டும் என்று கேட்டால், ஐம்பத்தெட்டாம் வருஷப் புதுச்சேரியில் பதில் சொல்ல ஆள் கிடையாது. கேட்டுப் பார்த்தவள் நான். செருப்புக் கடைக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட நாடகத்துக்கா என்று விசாரித்தார். நான் டீச்சர் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்குப் போய்விட்டேன். அங்கேயும் அதே கேள்விதான்.

என் வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கட்டடங்களுக்குப் பிளான் வரைகிறவர். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, ஊரைக் காலி செய்த ஓர் இன்ஜினீயரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதற்கு முன்னால் கோரிமேட்டு எல்லைச் சுங்கச்சாவடியோடு எங்கள் உலகம் முடிந்துவிடும். அதைத் தாண்டினால் பையைத் திற, மூட்டையை அவிழ் என்று ஆயிரம் கெடுபிடி. சாவடி போனதும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோடை லீவில் பதினைந்து நாள் சுற்றுவது என்று முடிவு செய்தார். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம், ஏற்காடு, அங்கிருந்து மேட்டூர், முடிந்தால் ஊட்டி. சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் பாதையைத் தன் கையாலேயே வரைந்து ஒட்டியிருந்தார். நான் அதுவரை கடலூரைத் தாண்டியதில்லை. சோறு வடிக்கிற நேரத்தில்கூட அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

ஒத்திகையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலாப்பட்டுக்குப் போனோம். போகிற வழியிலேயே என் இடதுகால் செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. கடற்கரையில் வண்டி மணலில் சாய்ந்தது. அதை நிமிர்த்தப் போனவள் சைலென்சரில் கெண்டைக்காலை வைத்துவிட்டேன். வலையை உதறிக்கொண்டிருந்த மீன்காரப் பெண்கள் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார்கள். நான் அழவில்லை, திட்டினேன். வண்டியை, மணலை, கூட வந்தவரை, ஒன்றையும் விடவில்லை. வீட்டுக்கு வந்து மருந்து போட்டுவிட்டு அவர் ஒரே வார்த்தை சொன்னார்: சரியான பூட்ஸ் கிடைத்தால் போகிறோம், கிடைக்காவிட்டால் பயணம் கிடையாது. அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் அல்ல. என் ஊட்டி, என் மேட்டூர் எல்லாம் ஒரு ஜோடி பூட்ஸில் வந்து நின்றது.

ஊருக்குத் திரும்பும் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று சாமான்களை விற்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். அங்கே ஒரு துரைசானியின் குதிரையேற்ற பூட்ஸ் இருந்தது. முழங்கால் உயரம், நல்ல பளபளப்பு. எனக்கு ஆசை அடித்துக்கொண்டது. போட்டுப் பார்த்தேன், முழங்கால் மடங்கவில்லை. கழற்றுவதற்கு இவர் ஒரு பக்கமும் அந்த வீட்டுச் சமையல்காரர் ஒரு பக்கமும் இழுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. நாங்கள் போகிற வழியெல்லாம் தெரிந்தவர்கள் வீடு, கோயில், சத்திரம். நாளைக்குப் பத்து வாசலிலாவது காலில் கிடப்பதைக் கழற்றியாக வேண்டும். குதிரையேறும் துரைசானிக்கு அந்தக் கவலை இல்லை, செருப்போடு படுக்கையறை வரை போவாள். சூடு தாங்க வேண்டும், காற்றில் கழன்று விழக்கூடாது, மலைப்பாதையில் நடக்க வழுக்கக்கூடாது, வாசலில் நின்றால் ஒரு நொடியில் கழல வேண்டும். இத்தனையும் ஒரே பூட்ஸில் வேண்டும் என்றேன். இவர் சிரித்தார். ஆனால் மறுநாளே ஆள் தேடிவிட்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் போலீஸுக்கு பூட்ஸ் தைத்துக் கொடுத்த ஒருவர் கிடைத்தார். பெண்ணுக்கு என்றதும் அளவு கொண்டுவாருங்கள் முசியே, தைத்துத் தருகிறேன் என்று சொல்லியனுப்பினார். நான் கடைக்குப் போய் ஆண்பிள்ளை முன்னால் காலை நீட்டுவதா என்று இவர் யோசித்தார், நானும்தான் யோசித்தேன். கணுக்காலுக்கு மேலே நாலு விரல் உயரம், கயிறு வேண்டாம், பக்கத்தில் இரண்டு பக்கிள், அடியில் லாரி டயர் ரப்பர் என்று நான் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டார். பிறகு தரையில் காகிதம் விரித்து, என்னை அதன் மேல் நிற்க வைத்து, கூர் சீவிய பென்சிலால் இரண்டு காலையும் சுற்றி வரைந்தார். விரல் இடுக்கெல்லாம் விட்டுவிடாமல் அவ்வளவு சுத்தமாக வரைந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்று வாரத்தில் பூட்ஸ் வந்தது. நீளம் அச்சு, அகலம் அச்சு. காலை உள்ளே விட்டு எழுந்து நின்றதும் உயிர் போயிற்று. இரண்டாம் விரலில் இருந்த மெட்டியைத் தோல் அழுத்தி, மெட்டி விரலை அழுத்தியது. எங்கள் வீட்டு மெட்டி கம்பி மாதிரி மெல்லியது அல்ல, மேலே குமிழ் வைத்த கனத்த வெள்ளி. காகிதத்தில் காலின் சுற்றளவு இருந்தது. மெட்டியின் உயரம் எப்படி இருக்கும்? ஊரில் எந்தக் கட்டடமானாலும் மேலிருந்து ஒரு படம், முன்னாலிருந்து ஒரு படம் என்று இரண்டு வரைகிற மனிதர், பெண்டாட்டி காலுக்கு மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். அதைச் சொல்லிக் காட்டினேன். ஒரு வாரம் சொல்லிக் காட்டினேன்.

புறப்பட ஒன்பது நாள்தான் இருந்தது. பதினைந்து நாளைக்கு மெட்டியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம், ஊட்டியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்றார் இவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊட்டிக்காக நான் எதையும் கழற்றி வைத்திருப்பேன்.

அடுப்படியில் இருந்த என் மாமியார் வெளியே வந்தார். அதுவரை அவர் இந்த பூட்ஸ் விஷயத்தில் வாயே திறக்கவில்லை. அவருக்கு இது பிடிக்கவில்லை என்று நினைத்து, உள்ளுக்குள் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்துச் சொன்னார்.

"மெட்டியக் கழட்டக் கூடாது."

சாஸ்திரம் எல்லாம் பார்த்தால் ஊர் சுற்ற முடியாது என்று இவர் ஏதோ ஆரம்பித்தார்.

"சாஸ்திரம் இல்லடா. சைகோன்லேருந்து தந்தி வந்தன்னிக்கு நாலு பொம்பளைங்க என் கால அமுக்கிப் புடிச்சுக் கழட்டுனாங்க. வெரல் வீங்கியிருந்துச்சு, வரல. சோப்புப் போட்டு இழுத்தாங்க. எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. அத நான் என் கால்ல பாத்துட்டேன். இவ கால்ல வெறும் வெரல நான் பாக்க மாட்டேன்."

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்தவர், சைகோனில் இறந்தவர் என்பது எனக்குத் தெரியும். சட்டம் போட்ட படம் கூடத்தில் தொங்கியது. ஆனால் சோப்பைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் பயணம் இல்லை என்று நான் நினைத்தேன். சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மாமியார் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றார். ஒரு கையில் குடை, ஒரு கையில் துணியில் சுற்றிய பூட்ஸ். எங்கே என்று கேட்டேன், வா என்று நடந்தார். பூட்ஸ் தைக்கிறவர் கடைக்கு முன்னால் போய்த்தான் நின்றார். அந்த மனிதர் பதறிப்போய் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். அவர் அளவு நாடாவை எடுத்தார், என் காலருகே கொண்டுவந்தார், தொடலாமா வேண்டாமா என்று என் மாமியார் முகத்தைப் பார்த்தார்.

"டாக்டர் தொடலியா? தொட்டுப் பாத்து அளந்துக்கய்யா," என்றார் மாமியார். குனிந்து என் குதிகாலைத் தானே தூக்கி அவர் கையில் வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மனிதருக்கு அதைவிடக் கூச்சம் என்று நினைக்கிறேன், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் வேலை தெரிந்தவர். மெட்டியின் உயரத்தை ஒரு குச்சியில் கீறி வைத்துக்கொண்டார். சாயங்காலத்தில் கால் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், அந்த அளவுதான் பயணத்துக்குச் சரி என்றார். காலையில் நிற்க வைத்து வரைந்த என் வீட்டுக்காரர் இதையும் கேட்டிருக்க வேண்டும். பூட்ஸ் தைக்கிற கால்வடிவ மரக்கட்டையில் மெட்டி இருக்கிற இடத்தில் தோல் துண்டுகளை ஒட்டி மேடாக்கி, அதன் மேல் புதிதாக முன்பக்கத்தைத் தைத்தார். உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் கொடுத்தார். புறப்படுவதற்கு முந்தின நாள் பூட்ஸ் கைக்கு வந்தது. இரண்டாம் விரலுக்கு மேலே சின்னதாக ஒரு புடைப்பு, வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் அசிங்கம்தான். போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தேன். எங்கேயும் வலிக்கவில்லை. மாமியார் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே என் காலைக் கவனித்தார்.

"சரியா இருக்குதா?"

"சரியா இருக்குது அத்தை."

அந்தப் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு புத்தகம் ஆகும், எனக்குப் பொறுமை இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டு வாசலில் நான் பக்கிளைத் தட்டி நொடியில் கழற்றியதை அந்த வீட்டுப் பெண்கள் மறுபடி செய்துகாட்டச் சொன்னார்கள். சேலத்தில் ஒரு டீக்கடைக்காரர் நான் பொம்பளை போலீஸா என்று இவரிடம் ரகசியமாகக் கேட்டார். ஆமாம், என்னைப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்று இவர் சொல்லி வைத்தார். ஏற்காடு ஏறும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. செம்மண்ணில் வண்டி முக்கியது, நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். இவருடைய செருப்பு சேற்றில் புதைந்து அறுந்துபோனது. டயர் ரப்பர் என்னை வழுக்க விடவில்லை. தனக்கும் ஒரு ஜோடி சொல்லியிருக்கலாம் என்று வெறுங்காலோடு நின்று சிரித்தார். நாலு வருஷத்தில் அந்த பூட்ஸோடு ஆறு பயணம் போனோம். ஊட்டியையும் பார்த்தேன்.

அறுபத்திரண்டில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வண்டி ஓட்டித்தான் செத்தான் என்று சிலர் பேசினார்கள், அதில் உண்மை இல்லை. படுக்கையில் பதினெட்டு நாள் கிடந்தார். கடைசி வாரத்தில்கூட சுவரிலிருந்த படத்தைக் கழற்றிவரச் சொல்லி, கன்னியாகுமரிக்கு ஒரு கோடு இழுத்தார். கை நடுங்கியதால் கோடு நேராக வரவில்லை, அதற்கு வருத்தப்பட்டார்.

பத்தாம் நாள் காரியத்துக்கு உறவுக்காரப் பெண்கள் வந்தார்கள். என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்தார்கள். பூ போனது, வளையல் போனது, தாலி போனது. நான் எதற்கும் மறுப்பு சொல்லவில்லை, சொல்லத் தெம்பும் இல்லை. ஒருத்தி என் காலைப் பிடித்தாள். இன்னொருத்தி கையில் சோப்புக் கட்டி இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

மாமியார் அன்று காலையிலிருந்து மகன் படத்துக்கு முன்னால் சுருண்டு கிடந்தார், யாரும் அவரை எழுப்பவில்லை. எப்போது எழுந்தாரோ தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஈரத் தரையில் என் காலுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் இரண்டு கையாலும் என் பாதங்களை மூடிக்கொண்டார்.

"தாலிய எடுத்துக்கிட்டீங்க இல்ல, போதும். கால்ல கை வெக்காதீங்க."

முறைதானே என்று ஒரு பெரியம்மா இதமாகத்தான் சொன்னார். ஊர் என்ன சொல்லும் என்று இன்னொருத்தி கேட்டாள்.

"என் புள்ள இவளுக்குத் தெச்சுக் குடுத்த பூட்ஸ் உள்ள கெடக்குது. மெட்டியோட அளவெடுத்துத் தெச்சது. கழட்டிட்டா அது இவளுக்குச் சேராது."

சோப்புக் கட்டியைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு அந்தப் பெண் எழுந்து போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மாமியார் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார், அவர் சேலை முழுக்க நனைந்திருந்தது. நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன், அவரும் அழுதார்.

மூன்று மாதம் கழித்து நான் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். ஒரு மழை நாள் காலையில், தெருவில் கணுக்கால் தண்ணீர், நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மாமியார் உள்ளேயிருந்து பூட்ஸை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். தூசி துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். நான் காலை உள்ளே விட்டு பக்கிளை மாட்டினேன். அவர் குனிந்து, புடைப்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"சரியா இருக்குதா?"

"சரியா இருக்குது அத்தை," என்றேன். தண்ணீரில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.