மாப்பிள்ளையை விட்டு விலகாத கமரா

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தவனுக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய எதிர்காலம் காத்திருந்தது. இங்கே அவனுக்கு முட்டை அவிக்கத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜெர்மனியில், டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் அரைமணி நேரம் போனால் வரும் சிறிய நகரம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அந்நகரத்தின் ஐஸ் ஹொக்கிக் கழகம் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஜேர்சிகளைத் துவைப்பதும், கழன்ற இலக்கங்களைத் தைப்பதும் என் வேலை. சலவை இயந்திரம் சுழன்று முடியும்வரை வாசிக்கலாம் என்பதற்காகவே அந்த வேலையை நான் விரும்பினேன். என் கணவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். ஐஸ் ஹொக்கியைப் பற்றிய அபிப்பிராயங்கள் யாவும் அவரிடமே இருந்தன.

மேல்மாடிப் பிள்ளை தெற்கே மலைப்பகுதியிலிருந்து வந்த ஜெர்மானியன், இருபது வயது. அமெரிக்கக் கழகங்கள் ஆண்டுதோறும் கூடியிருந்து, உலகத்து இளம் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். அவனுடைய பெயரை அங்கே மிகவும் முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். பெயர் சொன்னார்கள் என்றால் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று பொருளல்ல. 'இவன் எங்களுக்குரியவன், இருக்கிற இடத்திலேயே வளரட்டும், பிறகு பார்ப்போம்' என்று எழுதி வைத்துக்கொள்வதுதான். இதை என் கணவருக்கு எப்படி விளங்கவைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஓ, கனடா மாப்பிள்ளைக் கேஸ்," என்றார். "நிச்சயம் பண்ணியாச்சு, ஸ்பொன்சர் இன்னும் வரேல்லை. பொம்பிளை கொழும்பிலை லொட்ஜிலை இருக்கு."

அதைவிடத் திருத்தமான விளக்கத்தை நான் பின்னர் எங்கும் வாசித்ததில்லை. விசாவை எதிர்பார்த்துக் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் மணப்பெண்ணைப் போலவே அவனும் தபாற்பெட்டியை ஒரு நாளில் மூன்று தடவை திறந்து பார்ப்பான். அவளைப் போலவே அவனுக்கும் ஒரு கெடு இருந்தது. வரும் கோடைக்குள் அமெரிக்கக் கழகம் ஒப்பந்தம் அனுப்பாவிட்டால், நிச்சயதார்த்தம் தானாகவே கலைந்துவிடும்.

கலைந்துவிடும் போலத்தான் இருந்தது. வந்த புதிதில் உள்ளூர்ப் பத்திரிகை அவனுடைய படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டது. அடுத்த பருவத்தில் படம் முத்திரை அளவுக்குச் சுருங்கிற்று. அவன் கோல் அடிப்பது அரிதாகிக்கொண்டே போனது. பயிற்றுநர் அவனை ஆடவிடாமல் ஓரத்து வாங்கில் உட்காரவைக்கும் நேரம் கூடிக்கொண்டே வந்தது. காரணத்தை மட்டும் எல்லோரும் அறிந்திருந்தார்கள். சப்பாத்து இறுக்கம் என்றார் ஒருவர். காதல் தோல்வி என்றார் பேக்கரிக்காரி. அவனுக்குக் காதலே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. என் கணவர், அரைப் பக்கப் படத்தை நகரமே பார்த்துக் கண்ணூறு பட்டுவிட்டது என்றார். மிளகாய் எரித்துக் கழிக்கவும் ஆயத்தமானார். புகை உணரும் கருவி அடுக்குமாடி முழுவதற்கும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைவூட்டி அவரைத் தடுத்தேன்.

எனக்கென்று ஒரு கணிப்பு இருக்கவில்லை. ஆனால் ஒரு தடயம் என் கையில் கிழமைதோறும் இருந்தது. நான்தான் அதைத் தடயமென்று அறியவில்லை. போட்டி முடிந்து கூடையில் வந்து விழும் ஜேர்சிகள் நனைந்த சாக்குப் போலக் கனக்கும். அவனுடையது மட்டும் மடித்து அலுமாரியில் வைக்கலாம் போல இருக்கும். 'என்ன சுத்தமான பிள்ளை, எவ்வளவு நல்ல வளர்ப்பு' என்று நான் மனத்துக்குள் அவனுடைய தாயைப் பாராட்டிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்களுடன் சாப்பிடுவான். பொறுமையாக, இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிச் சுற்றி எடுப்பான். தமிழில் ஒரேயொரு சொல்லை, தற்காப்புக்காகக் கற்றுக்கொண்டிருந்தான்: "காணும்," அதாவது போதும். என் கணவர் அதைக் கேட்டு மகிழ்ந்து இன்னும் இரண்டு இடியப்பம் வைப்பார்.

அத்தகைய ஒரு ஞாயிறன்றுதான், மாசி மாதக் குளிரில், அவன் கையில் ஒரு கடிதத்துடன் வந்தான். அமெரிக்கக் கழகம் எழுதியிருந்தது: முடிவெடுக்குமுன் அவனுடைய ஆட்டத்தை ஒரு முழுப் போட்டியாகப் பார்க்க விரும்புகிறார்கள், இன்ன திகதிக்குள் வீடியோ கசெட் அனுப்பவேண்டும். எங்கள் கழகத்திலும் ஒரு கமரா இருந்தது. அது அரங்கின் கூரையில் பூட்டப்பட்டு, ஆட்டக்காரர் அனைவரையும் பாரபட்சமின்றி எறும்புகளாகக் காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த நாட்டுக் கசெட் அந்த நாட்டுப் பெட்டியில் ஓடாது என்பது.

என் கணவரின் முகம் மலர்ந்தது. இந்தச் சிக்கலை எங்களைவிட நன்றாக அறிந்த இனம் அந்த நாளில் ஐரோப்பாவில் இல்லை. கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று கிழமைக்கொரு கசெட்டைக் கனடாவிலுள்ள உறவினருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அவற்றை எடுப்பவரும், கனடா, அமெரிக்கப் பெட்டிகளில் ஓடும்படி மாற்றித் தருபவரும் டுசல்டோர்ஃபில் இருந்த ஒருவரே. எல்லோரும் அவரை வீடியோ அண்ணை என்றுதான் அழைத்தோம்.

"அண்ணையைக் கூப்பிடுவம்," என்றார் கணவர். "அவர் எடுத்த கல்யாணத்திலை ஒண்டாவது குழம்பினதோ?"

கெடுவுக்கு முன் ஒரேயொரு போட்டிதான் எஞ்சியிருந்தது. அன்றைக்கு வீடியோ அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, தோளில் கமராவும், கமராவின் தலையில் மண்டபத்தையே வெளிறச் செய்யும் விளக்குமாக வந்து இறங்கினார். ஐஸ் ஹொக்கியை அவர் முன்பின் பார்த்ததில்லை. அதனால் தொழில்முறைப்படி விசாரித்தார்.

"தங்கச்சி, மாப்பிள்ளை ஆர்?"

பதினேழாம் இலக்கத்தைக் காட்டினேன்.

"மற்றப் பக்கம் சிவப்புச் சட்டை பொம்பிளை வீட்டாரோ? சரி. உதிலை கறுப்பும் வெள்ளையுமாக் கோடு போட்டுக்கொண்டு நிக்கிறவர்?"

"அவர் நடுவர், அண்ணை. சட்டதிட்டம் பாக்கிறவர்."

"அப்ப ஐயர்," என்று கூறித் திருப்தியடைந்தார்.

நான் அப்போதே ஐயமுற்றிருக்கவேண்டும். அவருடைய தொழிலுக்கு இரண்டு விதிகள் இருந்தன. முதலாவது, மாப்பிள்ளையை விட்டுக் கமரா விலகக்கூடாது. இரண்டாவது, வந்த சனம் எல்லாருடைய முகமும் கசெட்டில் விழவேண்டும். விழாதவர்கள் ஆயுள் முழுவதும் கோபிப்பார்கள். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு விதிகளுக்கிடையில்தான் அவர் பத்து வருடமாகப் பிழைத்து வந்தார்.

அன்று ஆட்டத்தின் தொடக்கத்தில் முதலாம் விதியின்படி பதினேழாம் இலக்கத்தையே படமெடுத்தார். அதன்பின் இரண்டாம் விதி நினைவுக்கு வர, பார்வையாளரை வரிசை வரிசையாக எடுக்கத் தொடங்கினார். விளக்கு முகத்தில் அடிக்க, ஜெர்மானியப் பெரியவர்கள் வாயில் இருந்த சொசேஜை விழுங்காமல் உறைந்து நின்றார்கள். "சிரியுங்கோ, சிரியுங்கோ," என்றார் அண்ணை. சிலர் சிரித்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அந்தக் கணத்தில் அரங்கு அதிர்ந்தது.

எங்கள் பிள்ளை கோல் அடித்திருந்தான். இரண்டு மாதத்தில் முதலாவது கோல். நான் திரும்பிப் பார்த்தேன். கமரா தொப்பி கழற்றியவரின் வழுக்கையில் நிலைத்திருந்தது.

"அண்ணை, கோல்!"

"எங்கை?"

"முடிஞ்சுது!"

அவர் கொஞ்சமும் பதறவில்லை. தாலி கட்டும் கணத்தில் மாமிமார் குறுக்கே வந்து மறைத்ததை அவர் எத்தனை தடவை கண்டிருப்பார்! அதற்கும் தொழிலில் வழியிருந்தது. நேரே கண்ணாடித் தடுப்புக்குப் போய், பயிற்றுநர் நின்ற இடத்தை அடைந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இவரிட்டைச் சொல்லுங்கோ, ஒருக்காத் திரும்பச் செய்து காட்டட்டாம். அந்த முகமூடி போட்ட தம்பி கொஞ்சம் விலகி நிண்டால் காணும். கையை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு இஞ்சாலை பாக்கச் சொல்லுங்கோ."

மொழிபெயர்ப்பவளின் கடமை சொன்னதைச் சொல்வது. நான் சொன்னேன். பயிற்றுநர் என் பக்கம் திரும்பினார். பிறகு, "அம்மணி, ஜேர்சிகள் காய்ந்துவிட்டனவா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு பிற்பகல் கசெட் தயாராகிவிட்டது. மறுநாள் காலை தபாலில் சேர்த்தால்தான் கெடுவுக்குப் போய்ச் சேரும். எங்கள் வரவேற்பறையில் அவன் நடுவில் இருக்க, நானும் கணவரும் இருபுறமும், அண்ணை தொலைக்காட்சிக்கு அருகிலுமாக அமர்ந்தோம்.

முதலில் இரண்டு அன்னங்கள் நீந்தி வந்தன. அவற்றின் நடுவே ஒரு ரோசாப்பூ விரிந்தது. பூவுக்குள்ளிருந்து அவனுடைய முகம் சுழன்று சுழன்று வெளிப்பட்டது. அவன் பனித்தளத்தில் கால் வைக்கும் கணத்தில் கெட்டிமேளம் முழங்கிற்று. என் கணவர் தன்னையறியாமல் எழும்பி நின்று, கையில் அட்சதை இல்லாததை உணர்ந்து மீண்டும் உட்கார்ந்தார். பிள்ளையின் காது சிவந்திருந்தது. ஆனால் அவன் நல்ல வளர்ப்பு; "அழகாக இருக்கிறது" என்று ஜெர்மனில் மெதுவாகச் சொன்னான்.

பிறகு ஆட்டம் தொடங்கியது. அதாவது, ஆட்டத்தைத் தவிர மற்றெல்லாம் தொடங்கியது. அண்ணையின் கமரா கறுப்பு இறப்பர் வட்டை ஒரு தடவையும் தேடவில்லை. வட்டு எங்கே போனாலும் கமரா மாப்பிள்ளையிலேயே ஊன்றி நின்றது. அவன் தண்ணீர் குடித்தான். கையுறையைச் சரிசெய்தான். வட்டு அவனிடம் வந்த சில நொடிகளில் உண்மையாகவே மிக அழகாக ஆடினான். அது போனதும் நின்றான். மட்டையை உயர்த்திக்கொண்டு, இங்கே இருக்கிறேன் என்பது போல நின்றான். அவனைச் சுற்றி எல்லோரும் வேர்க்க விறுவிறுக்க ஓடினார்கள். சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அவனைக் கடந்து போய்த் திரும்பியும் வந்தான். அவன் நின்றுகொண்டிருந்தான்.

"இவன் ஏன் நிக்கிறான்?" என்றார் கணவர். "மாலை போட ஆரும் வருவினம் எண்டு நிக்கிறானோ?"

"மணவறையிலை உப்பிடித்தான் இருக்கவேணும்," என்றார் அண்ணை, ஆட்சேபத்துடன். "நல்ல பொறுமையான மாப்பிள்ளை. அசையாமல் நிண்டபடியால்தான் படம் துப்புரவா வந்திருக்கு."

பிள்ளை என் பக்கம் திரும்பினான். "என்ன சொல்கிறார்கள்?"

பயிற்றுநரிடம் சொல்லும்போது இல்லாத தயக்கம் இப்போது வந்தது. கூடையில் விழும் அந்த உலர்ந்த ஜேர்சி என் கண்ணுக்குள் நின்றது. இரண்டு வருடமாக நான் பாராட்டி வந்தது எதை என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. இனிமேல் மறைப்பது நட்பல்ல என்று நினைத்து, மாலையையும் மணவறையையும் விளக்கி, இருவரும் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. கசெட்டைப் பின்னோக்கிச் சுற்றச் சொன்னான். பார்த்தான். மறுபடியும் சுற்றச் சொன்னான். மூன்றாம் தடவை கெட்டிமேளம் முழங்கியபோது, "சின்ன வயதிலிருந்து எல்லோரும் எனக்குத்தான் தருவார்கள்," என்றான். "நான் இடத்துக்குப் போனால் போதும். வட்டு வந்துவிடும். மற்ற நேரத்தில் என்ன செய்வதென்று யாரும் கேட்டதில்லை."

அண்ணைக்கு ஜெர்மன் போதாது. துக்கம் மட்டும் விளங்கியது. "தம்பி, யோசியாதையுங்கோ. நிக்கிறதெல்லாத்தையும் வெட்டி எறியலாம்," என்றார். வெட்டிப் பார்த்தோம். எஞ்சியது அன்னங்களும், நாலு நிமிட ஆட்டமும், தொப்பிக்காரரும்.

மேசையில் இரண்டு கசெட்டுகள் இருந்தன: வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று. அவன் இரண்டையும் கையில் எடுத்தான்.

"இஞ்சரும், வெட்டினதை அனுப்பச் சொல்லும்," என்றார் கணவர் என்னிடம். "கல்யாணம் முடியட்டும், குறையைப் பிறகு பாக்கலாம்."

"உங்கடை மூக்குக் குறட்டையை எனக்கு அப்பிடித்தான் மறைச்சவை," என்றேன். "பிறகு பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

இதையும் அவனுக்கு மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. அப்போதுதான் சிரித்தான். வெட்டாத கசெட்டை உறையில் இட்டு, திங்கள் காலை தானே தபாலில் சேர்த்தான்.

கோடையில் பதில் வந்தது. ஒப்பந்தம் இல்லை. மரியாதையான, குறுகிய கடிதம். அடியில் யாரோ பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: வட்டு இல்லாத நேரத்தில் ஓர் ஆட்டக்காரன் என்ன செய்கிறான் என்பதை இவ்வளவு முழுமையாகக் காட்டிய கசெட் தமக்கு வேறு வந்ததில்லை, படமெடுத்தவருக்குத் தமது மதிப்பைத் தெரிவிக்கவும். அந்த வரியை நான் மொழிபெயர்த்ததும் வீடியோ அண்ணை கடிதத்தை வாங்கிப் பிரதி எடுத்து, டுசல்டோர்ஃப் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிவிட்டார்.

பிள்ளை இரண்டு கிழமை மேல்மாடியிலிருந்து இறங்கவில்லை. நான் இடியப்பத்தைப் படியில் வைத்துவிட்டு வருவேன். கழுவிய தட்டு திரும்பி வரும். மூன்றாம் கிழமை தட்டோடு அவனும் வந்தான். அடுத்த பருவத்தில் நடக்கும் எல்லாப் போட்டிகளையும் அண்ணை எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டான்.

"சனியிலை கல்யாணம். ஞாயிறு எண்டால் ஓம்," என்றார் அண்ணை. "அன்னம் வேணுமோ?"

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அண்ணையின் மனம் நோகக்கூடாதென்று விட்டுவிட்டான். கிழமைதோறும் அன்னங்களுக்குப் பின்னால் தன்னைப் பார்த்தான். அவன் அமெரிக்காவுக்குப் போகவேயில்லை. பத்திரிகை மறுபடி அரைப் பக்கம் போடவுமில்லை. ஆனால் ஐப்பசியில் ஒருநாள் கூடையிலிருந்து பதினேழாம் இலக்க ஜேர்சியைத் தூக்கியபோது என் மணிக்கட்டு மடங்கிற்று. நாற்றம் தாங்கமுடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, சிறிது நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சில வருடங்களின் பின் அவன் பேக்கரிக்காரியின் மகளை மணந்தான். நகரசபை வாசலில் வீடியோ அண்ணை, கோட்டும் விளக்குமாக நின்றார். மாப்பிள்ளையோ வந்தவர்களுக்குக் கதிரை தூக்குவதும், மழைக்குக் குடை பிடிப்பதும், கேக் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதுமாக ஓரிடத்தில் இல்லை. கமரா அவனைத் துரத்தித் துரத்திக் களைத்தது.

"தங்கச்சி," என்று கூவினார் அண்ணை, மூச்சு வாங்க. "உந்தத் தம்பியை ஒருக்கா நிக்கச் சொல்லுங்கோவன்! முந்தி எவ்வளவு நல்லா நிண்டவர்!"

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.