முழங்கையில் ரத்தப் பொட்டுகள்

என் முழங்கையில் மூன்று வருடமாக வெள்ளைச் செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. மிராசுதாரின் காரியக்காரர் கண்ணில் அது பட்டது, கூலி கேட்டு நான் செங்கொடி பிடித்த வருடம்தான். ஆட்சி மாறியிருந்தது, எங்கள் கூலி மாறவில்லை.

நடவுக்கு இறங்கிய என்னை வரப்பில் நின்று தடுத்தார். "உனக்குப் பெருவியாதி. நாத்தைத் தொடாதே, கரையேறு." என் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று தள்ளி நின்றாள்.

மறுநாள் நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கண்ணாடித் துண்டின் விளிம்பால் செதிலைச் சுரண்டினார். அடியில் மெல்லிய சவ்வு தெரிந்தது. அதையும் சுரண்டியதும் ஊசி குத்தியது போலப் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது. பிறகு அந்த இடத்தைப் பஞ்சால் தொட்டார். தொட்டது எனக்கு நன்றாகவே உறைத்தது.

"தொட்டா உணர்வு இருக்கு, இது குஷ்டம் இல்லம்மா. இப்படிப் பொட்டுப் பொட்டா ரத்தம் வந்தா சோரியாசிஸ்ங்கிற தோல் வியாதி. யாருக்கும் ஒட்டாது," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சீட்டை நீட்டினேன். நான் தொட்ட காகிதம் என்று காரியக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் எதிரிலேயே நகத்தால் செதிலைச் சுரண்டி, ரத்தம் துளிர்த்த முழங்கையைக் காட்டினேன்.

"டாக்டரம்மா இதைப் பாத்துத்தான் பெருவியாதி இல்லன்னாங்க. மூணு வருஷமா நீங்க தின்ன சோறு இந்தக் கை நட்டதுங்க. கொடி பிடிச்சப்புறம்தான் வியாதியாயிடுச்சா?"

பதிலுக்குக் காத்திராமல் சேற்றில் இறங்கினேன். அன்று தள்ளி நின்றவள் தன் நாற்றுமுடியில் பாதியைப் பிரித்து நீட்டினாள். வாங்கி நட்டேன். அவளோடு பேசத்தான் இல்லை, அறுவடை வரைக்கும்.