டெஸ்மண்ட் தோர்ஸ்பி காரை வேண்டாம் என்று சொன்ன விதம்

டெஸ்மண்ட் ஹெரால்ட் தோர்ஸ்பி, 1948–2022. லிங்கன்ஷயரின் ஹார்ன்காசிலில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். முப்பத்தொரு ஆண்டுகள் எடை, அளவை ஆய்வாளராகப் பணியாற்றினார். பெட்ரோல் நிலையங்கள் சரியாக அளக்கின்றனவா, மதுக்கடைக் கோப்பை முழுதாக நிறைகிறதா என்று சோதிப்பது அவருடைய வேலை. வாங்கிய பொருள் பழுதானால் என்ன செய்வது என்று பெண்கள் சங்கக் கூட்டங்களில் நாற்பத்திரண்டு முறை உரையாற்றினார். "அதுல ஒரு தடவையாவது நானும் கீழ உக்காந்து கேட்டிருக்கணும்" என்று பிற்காலத்தில் அவரே சொல்வார்.

2018 அக்டோபர் 22ஆம் தேதி மனைவி மேவிஸுக்கு இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை. மருத்துவமனை இருபத்திரண்டு மைல் தொலைவில் இருந்தது. அறுவைக்குப் பின் வாரம் இருமுறை உடற்பயிற்சிக்கும் அங்கே போக வேண்டும். பழைய கார் கோடையிலேயே நின்றுபோயிருந்தது. எனவே செப்டம்பர் 10 அன்று, ஏழு ஆண்டு ஓடிய நீல நிற ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கினார். முன்பணம் ஆயிரத்து எண்ணூறு பவுண்டு. கையிருப்பு அவ்வளவுதான், அது திரும்பாவிட்டால் இன்னொரு கார் வாங்க வழியில்லை.

ஐந்தாம் நாள் குன்றுச் சாலையில் ஏறும்போது கியர் மாற மறுத்தது. கார் நடை வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் ஒரு டிராக்டர், அதன் பின்னால் பதினோரு கார்கள். டெஸ்மண்ட் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

"டிராக்டர்காரன் ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊத்திக் குடிக்கிறான், டெஸ்மண்ட்" என்றார் மேவிஸ்.

விற்றவரிடம் போனார்கள். அவர், "புது இடம், புது ஆளு, பழகட்டும் கண்ணு. கியர்னா அப்படித்தான்" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். டெஸ்மண்ட் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

சட்டம் அவருக்கு மனப்பாடம். இத்தகைய கடனில் கடைசித் தவணை கட்டும்வரை கார் கடன் நிறுவனத்துக்கே சொந்தம்; ஆகவே சட்டத்தின் கண்ணில் விற்றவரும் அந்த நிறுவனமே. காரைக் கொடுத்தபோதே பழுது இருந்திருந்தால், முப்பது நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். முப்பது நாள் கடந்தால், பழுது பார்க்க அவர்களுக்கு ஒரு வாய்ப்புத் தந்தாக வேண்டும். பட்டறையில் அது எத்தனை வாரம் கிடக்குமோ, யாருக்குத் தெரியும்? செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்தக் காரை நிராகரிக்கிறேன் என்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்க வேண்டும்.

அந்த ஒரு வாக்கியத்தை எழுத அவருக்கு நான்கு நாட்கள் பிடித்தன. கடன் நிறுவனத்துக்குப் போன கடிதம் இது:

"தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். தங்கள் ஊழியர்களின் கனிவு என்றும் நினைவில் நிற்கும். காரின் நீலம் மிக அழகு. மேடான இடங்களில் அது என்னிடமிருந்து சற்றே மாறுபட்ட கருத்துக் கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. தங்களுக்குச் சிரமம் இல்லையெனில், அதன் எதிர்காலம் பற்றி எப்போதேனும் சிந்திக்க இயலுமா?"

பத்தொன்பதாம் நாள் பூப்படம் போட்ட அட்டை ஒன்று பதிலாக வந்தது. 'உங்கள் அன்பான சொற்களை எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பயணம் இனிதாகட்டும்!'

மேவிஸ் அட்டையைப் படித்தார். கடிதத்தின் நகலையும் படித்தார். "நீ காரைத் திருப்பிக் கொடுக்கறியா, இல்ல அவங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்றியா?"

"கடைசி வரியில கண்டிப்பு இருக்கு."

"எங்க?"

டெஸ்மண்ட் தேடிப் பார்த்தார். இல்லை.

இருபத்துநான்காம் நாள் அந்த நிறுவனத்திலிருந்தே ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, கார் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். "அருமையா இருக்கும்மா, ரொம்ப நன்றி" என்று சொல்லி வைத்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கு உறைத்தது.

இருபத்தொன்பதாம் நாள் காலை மேவிஸ் தொலைபேசியை அவர் மடியில் வைத்துவிட்டு, கைத்தடியோடு எதிரில் உட்கார்ந்தார். "இன்னைக்கு ஒரு தடவை மன்னிப்புக் கேட்டா, முழங்கால்ல ஒரு அடி."

"வணக்கம், தோர்ஸ்பி பேசறேன், தொந்தரவுக்கு மன்னிக்—" அடி விழுந்தது. "கார் விஷயமாப் பேசணும்."

"சொல்லுங்க மிஸ்டர் தோர்ஸ்பி. ஓ, அறிவிப்புப் பலகைக் கடிதம் எழுதினது நீங்கதானா! போன வாரம்கூட அருமைன்னு சொல்லியிருக்கீங்க, இங்க பதிவாகியிருக்கு."

"அது மரியாதைக்குச் சொன்னதும்மா."

"சரி. அப்ப இப்ப மரியாதை இல்லாமச் சொல்லுங்க."

டெஸ்மண்ட் கண்களை மூடிக்கொண்டார். "மேட்டுல கியர் மாறல. நான் இந்தக் காரை நிராகரிக்கிறேன். எனக்கு வேண்டாம்."

எதிர்முனையில் தட்டச்சு ஓசை கேட்டது. "இது போதும் சார். இன்னைய தேதி போட்டுப் பதிவு பண்ணிட்டேன்."

பெரிய கொள்ளை ஒன்றை நடத்தி முடித்ததுபோல் இருந்தது என்பார் டெஸ்மண்ட்.

மூன்று நாள் கழித்து நிறுவனம் ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் தனியாகவே காரைக் குன்றுக்கு ஓட்டிப் போய், இரண்டு மணி நேரம் கழித்து ரொட்டி வண்டியில் திரும்பி வந்தார். "உங்க கார் அங்கயே இருக்கு" என்றார். அறிக்கையிலும் கூடுதலாக எழுத அதிகம் இருக்கவில்லை. அக்டோபர் 19 அன்று முன்பணமும் கட்டிய ஒரு தவணையும் திரும்பி வந்தன. மறுநாள் கையால் கியர் மாற்றும் வெள்ளி நிறக் கார் ஒன்றை, அதே குன்றில் மூன்று முறை ஏற்றிப் பார்த்த பிறகே வாங்கினார். 22ஆம் தேதி காலை மேவிஸ் அதில்தான் மருத்துவமனைக்குப் போனார். பயிற்சிக்கும் வாரம் தவறாமல் போனார்.

கண் பரிசோதனைக்காக மேவிஸை அழைத்துப் போன நாளே டெஸ்மண்ட் கடைசியாகக் கார் ஓட்டிய நாள். மருத்துவமனையின் வண்டி நிறுத்த இயந்திரம் சீட்டுத் தராமல் ஒரு பவுண்டை விழுங்கிக்கொண்டது. வீடு திரும்பியதும் அதைக் கேட்டுக் கடிதம் எழுதினார். இரண்டே வரி; அதில் ஒரு வரி மன்னிப்பு. தாமே நடந்து போய் அதைத் தபாலில் சேர்த்தது 2022 பிப்ரவரி 17; அதுவே அவர் எழுதிய கடைசிக் கடிதம்.